பழைய கப்பலுக்குப் புதுப் பல்செட்டு

மாத்துல பேராண்டி, தாராளமா மாத்து. ஒரு இடம் பாக்கி வைக்காத. பழைய ராக்கெட் சீரியல் ஒண்ணைப் புதுசாக்குத வேலைக்கு உங்க கம்பெனி கொட்டேஷன் போட்டிருக்கு, கிடைச்சா நீயும் அதுல உக்காருவேன்னு சொன்னேல்லா, கேட்டதும் எனக்கு வயிறு குளுந்துபோச்சு. அந்தக் காலத்துல அதைச் செஞ்சவனுக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர் உண்டா, ஏசி ரூம் உண்டா? மரத்தைச் செதுக்கி, பெயிண்ட் அடிச்சு, கப்பல்னு சொல்லி ஊரை ஏமாத்திட்டுப் போயிட்டான். நீ போயி அவன் மானத்தைக் காப்பாத்து.

சிரிக்காத. டூரிங் டாக்கீஸ்ல கார்பன் குச்சி மாத்தினவனுக்கு இதுல என்ன பேச்சுன்னுதானே சிரிக்க? போன தடவை நீ விட்டுட்டுப் போன ஸ்டார் ட்ரெக் சிடி அம்புட்டையும் நானும் ஒங்க ஆச்சியும் உக்காந்து பாத்தாச்சு. பழசையும் பாத்தோம், புதுசையும் பாத்தோம். வசனம் முக்காவாசி புரியலை. புரியணுங்கிற அவசியமும் இல்லை. கூர்க்காது வச்ச ஸ்போக்கு புருவத்தை ஒரு பக்கம் தூக்கினா என்ன அர்த்தம், டாக்டர் மெக்காய் கையை உதறினா என்ன அர்த்தம்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். 80-கள்ல மதராஸ்ல ஒங்க பெரியப்பன் வீட்டுக்குப் போனப்ப தூர்தர்ஷன்ல ஞாயிற்றுக்கிழமை காலையில போடுவான். அவன் வீட்டுல கறுப்பு-வெள்ளைப் பொட்டி. சிவப்புச் சட்டை போட்டவன் கிரகத்துல எறங்கினாச் சாவாங்கிறது உலகம் பூராத் தெரிஞ்ச சேதியாம்லா, எங்களுக்கு எங்க தெரியும்? அந்தப் பொட்டியில எல்லாச் சட்டையும் சாம்பலு. யாரு சாகப்போறாம்னு தெரியாம, கடைசி வரைக்கும் எல்லாருக்காகவும் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

இப்ப வேலைக்கு வருவோம். அந்த ஸ்டார் ட்ரெக் சீரியல் 1966 செப்டம்பர்ல என்பிசி சேனல்ல ஆரம்பிச்சு, 1969 ஜூன்ல நின்னுபோச்சு. மொத்தம் 79 எபிசோடு. ஜீன் ராடன்பெரின்னு ஒரு மனுசன் மூளையில உதிச்ச கதை. காசு பத்தாத மனுசன், பாத்துக்க. ஒவ்வொரு வாரமும் ஒரு கிரகத்துல கப்பலைக் கொண்டுபோய் எறக்குத மாதிரி காட்டணும்னா அதுக்குப் பணம் கிடையாது. என்ன செஞ்சாவ? கப்பலை எறக்கவே வேண்டாம், ஆளை மட்டும் கரைச்சு அனுப்பிருவோம்னு முடிவு பண்ணினாவ. அலுமினியப் பொடியை வெளிச்சத்துல தூவி, அது மினுமினுன்னு உதிர்றதைப் படம் புடிச்சு, ஆளு மேல ஏத்தினாவ. முடிஞ்சுது சோலி. உலகத்துல இருக்க பிள்ளைக பூரா இன்னைக்கும் அந்த மாதிரி ஒரு எந்திரம் வராதான்னு ஏங்குது. கையில நாலு காசு இருந்திருந்தா அது பொறந்தே இருக்காதுல.

இன்னொண்ணு கேளு. முதல்ல ஒளிபரப்பான எபிசோடுல உப்பைத் தேடி வர்ற பேய் ஒண்ணு. உப்புக் குப்பி வேணும்லா? ரொம்பப் புது மாதிரியா இருக்கேன்னு தேடித்தேடி வாங்கிட்டு வந்தாவ. பாத்தா, உப்புக் குப்பின்னு சொன்னா எவனும் நம்பமாட்டான், அம்புட்டு நவநாகரிகமா இருக்கு. அதைத் தூக்கி டாக்டர் மெக்காய் கையில குடுத்து வைத்தியக் கருவின்னு சொல்லிட்டாவ. மூணு வருசம் அந்த மனுசன் உப்புக் குப்பியை வச்சே நாடி பாத்தான். ஒருத்தனாவது கேட்டானா? அதை மாத்தணும்னு உனக்குக் கை அரிக்கும். வேண்டாம்ல. அவர் பாட்டுக்குப் பாக்கட்டும்.

கப்பலு இருக்கே, எண்டர்பிரைஸ், அது 11 அடி நீளத்துல மரமும் பிளாஸ்டிக்குமாச் செஞ்ச பொம்மை. மேட் ஜெஃப்ரீஸ் வரைஞ்சு குடுக்க, ரிச்சர்ட் டேட்டின் ஆளுக 1964 கடைசியில செஞ்சு முடிச்சாவ. பெறவு உள்ள விளக்குப் போட்டாவ. வயரை எங்க விடுறது? ஒரு பக்கமா வெளிய இழுத்து விட்டுட்டாவ. அதனால மறுபக்கத்தை மட்டும்தான் கேமராவுக்குக் காட்ட முடியும். அந்த ஒரு பக்கத்தை வச்சே மூணு வருசம் அண்டசராசரத்தையும் சுத்திட்டு வந்துட்டாவ. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாவ, கிரகத்துக்குச் சாயத்தை மாத்தி மாத்தி அடிச்சாவ. போன வாரம் சிவப்பு, இந்த வாரம் பச்சை. நாங்க கறுப்பு-வெள்ளையில பாத்தோம்லா, எங்களுக்கு எல்லாக் கிரகமும் ஒண்ணுதான்.

சரி, 2006-ல அதுக்கு நாப்பது வயசு. கம்பெனிக்காரன் யோசிச்சான். வீட்டுக்கு வீடு பெரிய டிவி வந்துட்டு, பழைய காப்பியைப் போட்டா மங்கலா இருக்கு. நல்லவேளை, சீரியலை 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்திருந்தான். நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணினான். பண்ணினதும் ஒரு சிக்கல். ஆளு பேசுற காட்சியெல்லாம் நேத்து எடுத்த மாதிரி பளிச்சுன்னு இருக்கு. கப்பல் வர்ற காட்சி மட்டும் புழுதி அடிச்சுக் கிடக்கு. ஏன்? அந்தக் காலத்துல கப்பலைத் தனியா எடுத்து, நட்சத்திரத்தைத் தனியா எடுத்து, கிரகத்தைத் தனியா எடுத்து, எல்லாத்தையும் ஆப்டிகல் பிரிண்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா ஏத்துவான். ஏத்த ஏத்தக் காப்பிக்குக் காப்பி, அந்தக் காப்பிக்கும் காப்பி. ஒவ்வொரு காப்பியிலயும் ஃபிலிமோட பொடி கூடும், தூசி கூடும். இது சிரிக்கிற சங்கதி இல்லை. ஃபிலிமை ஓட்டுனவங்கிறதால சொல்லுதேன், அந்தக் காட்சிகளை மாத்தணும்னு அவன் நெனச்சதுல நியாயம் உண்டு.

சிபிஎஸ் டிஜிட்டல்னு அவங்க சொந்தப் பட்டறையிலயே வேலை நடந்துச்சு. மைக்கேல் ஒகுடா, அவர் வீட்டுக்காரி டெனிஸ் ஒகுடா, டேவிட் ராஸின்னு மூணு பேரு மேற்பார்வை. அந்தச் சீரியலைக் கரைச்சுக் குடிச்சவுக. கம்ப்யூட்டர்ல கப்பலைக் கட்டணும்னதும் என்ன செஞ்சாவ தெரியுமா? ஸ்மித்சோனியன் மியூசியத்துல கிடந்த அந்த 11 அடிப் பொம்மையோட அளவை வச்சுக் கட்டினாவ. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? கப்பலுக்கு நாலு ஜன்னல் கூட வச்சிருப்ப, பின்னாடி நீல நெருப்பு விட்டிருப்ப, சூரியனைச் சுத்தி ஒரு பல்டி அடிக்க வச்சிருப்ப. செய்யணும்லா, இல்லாட்டி உன் வேலைன்னு யாருக்குத் தெரியும்?

இங்கதான் பேராண்டி எனக்குப் பல்செட்டு ஞாபகம் வருது. மேலத்தெருப் பெரியவர் இருக்காருல்லா, பல்லு பூராத்தையும் எடுத்துட்டு, இருக்கதுலயே வெள்ளையானதைக் கட்டிக்கிட்டு வந்தாரு. பாலு வெள்ளை. அவர் சிரிச்சா முதல்ல பல்லுதான் தெருவுக்கு வரும், அவர் பின்னாலதான் வருவாரு. பல்லு வந்த பெறவுதான் அவர் கன்னம் ஒட்டினதும், கண்ணு குழி விழுந்ததும் ஊருக்குத் தெரிஞ்சுது. எனக்கு முன்பல்லு ரெண்டு கட்டணும்னு போனப்ப அந்த டாக்டரு வேற ஆளு. வரிசையாப் பல்லு தொங்குத அட்டை ஒண்ணை எடுத்து என் வாய்கிட்ட வச்சு வச்சுப் பாத்தாரு. “அண்ணாச்சி, கொஞ்சம் மஞ்சளாத்தான் போடணும், அப்பத்தான் ஒங்க பல்லுன்னு ஊரு நம்பும்”னாரு. கெட்டிக்காரரு. இன்னைக்கு வரைக்கும் எது கட்டுன பல்லுன்னு ஒங்க ஆச்சிக்கே தெரியாது.

ஒகுடா கூட்டம் போட்டது அந்த மஞ்சப் பல்லு. கப்பலு பழைய வேகத்துலயே மெதுவா நகருது. ஆனா எல்லா இடத்துலயும் மஞ்சள் சரியா அமைஞ்சுதான்னு கேட்டா, அதையும் சொல்லுதேன்.

அமைஞ்ச எடத்தை மொதல்ல சொல்லுவோம். ஸ்போக்கு சொந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போறாம்லா, ‘அமாக் டைம்’ எபிசோடு. பழசுல ஆளுக வந்து எறங்குனதும் சிவப்பு வானம், நாலு கல்லுத் தூணு, அம்புட்டுத்தான் வல்கன் கிரகம். புதுசுல ஒரு தூரத்து ஷாட்டைச் சேத்திருக்காவ. மலை உச்சிக்கும் மலை உச்சிக்கும் நடுவுல ஒத்தையடி அகலத்துல கல்லுப் பாலம். கீழ பாதாளம். அதுல மூணு பேரு எறும்பு அளவுக்கு நடந்து போறாவ. சில நொடிதான். கைப்பிடிச் சுவர் கூட இல்லை. நான் அந்த ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கல்யாணம்னு போறான், ஆனா போற பாதையைப் பாத்தாலே உள்ள ஏதோ வில்லங்கம் இருக்குன்னு புரிஞ்சுபோகுது. வசனம் ஒண்ணும் வேண்டாம். இதை 1967-ல எடுத்தவன் பாத்தா, ‘எனக்கும் இதுதான் வேணும், காசு இல்லை’ன்னு சொல்லியிருப்பான். அதுதான் உனக்கு அளவுகோலு. அவன் சொல்லுவானான்னு கேட்டுக்க.

அடுத்து ‘டூம்ஸ்டே மெஷின்’. கிரகங்களைத் தின்னுக்கிட்டே வர்ற ஒரு ராட்சசக் குழாய். எழுதினவர் நார்மன் ஸ்பின்ராட். பழசுல அந்தக் குழாயைப் பாத்துட்டு, காத்தடிக்கிற திசை பாக்க விமான தளத்துல கட்டுவாம்லா துணிப் பை, அதைச் சிமெண்டுல முக்கி எடுத்த மாதிரி இருக்குன்னு அவரே நொந்துக்கிட்டாரு. அதுல இன்னொரு கப்பல் அடிபட்டுக் கிடக்கும், கான்ஸ்டலேஷன்னு. அது கடையில விக்கிற பிளாஸ்டிக் பொம்மைக் கிட்டு. அதைச் சுட்டுக் கருக்கி, எண்டர்பிரைஸோட 1701-ங்கிற நம்பரைப் பிரிச்சு 1017-ன்னு ஒட்டிட்டாவ. இருக்க எழுத்தை வச்சே வேற கப்பலு! புதுசுல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காவ. நல்லாவே இருக்கு, இடிஞ்ச கப்பல் துண்டு துண்டாச் சிதறிக் கிடக்கு. ஆனா நம்பரு? 1017-தான். அதை மாத்தலை. அந்த இடத்துல எந்திரிச்சுக் கும்புட்டேன்ல நான்.

‘ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’னு உருண்டை மயிர்ப் பிராணி குட்டி போட்டுப் பெருகுற எபிசோடு. அதுல எதிரி கிளிங்கான் கப்பலு பக்கத்துல நிக்கிறதாப் பேசிக்கிடுவாவ, பழசுல ஒரு தடவை கூட வெளிய காட்டமாட்டாவ. காட்டுறதுக்கு அப்ப பொம்மையே செய்யலை. புதுசுல கப்பலு நிக்கிது. ஞாயந்தான். கதையில உண்டு, காசு இல்லாததால கண்ணுல இல்லை.

இப்ப பல்லு வெளுத்த இடத்துக்கு வருவோம். கப்பல் ஓட்டுத சூலு மேசையில ஒரு கடிகாரம். பழசுல சக்கரத்துல நம்பர் உருண்டு வரும். ‘நேக்கட் டைம்’ எபிசோடுல அதை டிஜிட்டலா மாத்திட்டாவ. ஏன்ல? அண்டவெளியில போற காலத்துல சக்கரம் சுத்தக்கூடாதுன்னு எவன் சட்டம் போட்டான்? அதே மேசையில இருக்க பட்டனெல்லாம் கலர் கலரா மிட்டாய் கணக்கா அப்படியேதான் இருக்கு. கடிகாரம் மட்டும் வேற வீட்டுல இருந்து வந்து உக்காந்திருக்கு.

அப்பறம் அந்தப் பல்லி மனுசன், கோர்ன். ரப்பர் சட்டைக்குள்ள ஆளு. 1967-ல ‘அரீனா’ எபிசோடுல கேப்டன் கிர்க்கு கூடப் பாறைக் காட்டுல மல்லுக்கட்டுவான். அவன் அடிக்கிற அடியைக் கிர்க்கு ஒதுங்கிக்கிடணும்னா நடுவுல ஒரு டீ குடிச்சுட்டு வந்து ஒதுங்கலாம், அம்புட்டு மெதுவு. புதுசுல என்ன செஞ்சாவ? பல்லியைக் கண்ணு சிமிட்ட வச்சுட்டாவ! சண்டை அதே வேகம், ரப்பர் அதே ரப்பரு, கண்ணு மட்டும் படக் படக்குன்னு அடிக்கிது.

இதுல ஒரு விசித்திரம் பாத்தியா? வெளிய இருக்க ஆகாயத்தைத்தான் மாத்த முடியுது. உள்ள இருக்க 1966-ஐ ஒண்ணும் செய்ய முடியலை. ஃபிலிமைத் துலக்கினதும் என்ன ஆச்சு? கிர்க்குக்குப் பதிலா உருண்டு புரளுத ஸ்டண்ட் ஆளு மூஞ்சி தெளிவாத் தெரியுது. செட்டுப் பாறை பாறை இல்லைங்கிறது தெரியுது. கேப்டன் மூக்குல பூசுன பவுடர் வரைக்கும் தெரியுது. அப்ப இருந்த சின்னப் பொட்டிக்கு அளந்து செஞ்ச வேலை அது. பொட்டியோட மங்கல்தான் அவங்களுக்குப் பாதிக் கூலி மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு. நீ பெரிய டிவியில போட்டுட்டு, ஐயோ பாறை அசையுதேன்னு சொன்னா அவன் என்ன செய்வான்? ஆனா ஒண்ணு, அசையுத பாறையைப் பாத்து ஒருத்தனும் சிடியை நிறுத்தலை. பெண்டுகளுக்குப் போட்டுவிட்ட முழம் துணியையும், கேப்டன் கிரகத்துக்குக் கிரகம் கட்டிப் புடிக்கதையும் பாத்து ஒங்க ஆச்சிதான் எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கு உன் சாஃப்ட்வேர்ல மருந்து உண்டாய்யா?

இதுக்கு நேர் எதிரா ஒரு வேலை நடந்திருக்கு, நீ தெரிஞ்சுக்கணும். 1996-ல ‘டீப் ஸ்பேஸ் நைன்’னு பின்னால வந்த சீரியல்ல, அதுல உள்ள ஆளுக காலத்துல பின்னால போயி அந்த உருண்டைப் பிராணி எபிசோடுக்குள்ளயே நுழைஞ்சிருவாவ. 1967 ஃபிலிமுக்குள்ள 1996 ஆளு நிக்கணும். கப்பலைத் திரும்ப மரியாதையாப் பொம்மையாவே செஞ்சான் கிரெக் ஜெய்ன். செட்டைப் பழசு மாதிரியே கட்டி, விளக்கைப் பழசு மாதிரியே போட்டு, புது ஆளுகளைப் பழசுக்குத் தக்கனையாக்கினாவ. புதுசைப் பழசாக்குத வேலை பழசைப் புதுசாக்குததை விடக் கஷ்டம். உங்க கம்பெனியில அதுக்கு ரேட்டு எம்புட்டுன்னு கேட்டு வை.

சரி, தாத்தா சொன்னதையெல்லாம் விட்டுட்டு நீ உன் இஷ்டத்துக்கே செய்யி. துணைக்கு ஆளு உண்டு. இங்கிலாந்துல ‘ரெட் ட்வார்ஃப்’னு ஒரு விண்வெளிச் சிரிப்புச் சீரியலு. 1988-ல ஆரம்பிச்சது. அருமையான பொம்மைக் கப்பலு, செவ செவன்னு, அழுக்கும் துருவுமா. 1998-ல முதல் மூணு சீசனை எடுத்துப் புதுசாக்குறேன்னு எறங்கினாவ. கப்பலைக் கம்ப்யூட்டர்ல நீட்டி பென்சில் ஆக்கினாவ. சதுரப் படத்தை மேலயும் கீழயும் வெட்டி அகலமாக்கினாவ. வீடியோவுல எடுத்ததை ஃபிலிம் மாதிரி சாயம் போட்டாவ. அத்தோட விட்டாவளா? கப்பல் கம்ப்யூட்டரா நடிச்ச நார்மன் லவெட்டைத் திரும்பக் கூட்டியாந்து புதுசாப் பேசவும் வச்சாவ. பத்து வருசம் கழிச்சு! ரசிகனுக ஏத்துக்கிடலை. 2002-ல டிவிடி போடும்போது பழசைத்தான் போட்டாவ. இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு, 1988 பொம்மை இன்னும் கப்பலாத்தான் தெரியுது, 1998 கம்ப்யூட்டர் கப்பலு 1998-ஆத்தான் தெரியுது.

உனக்குச் சுருக்குன்னு இருக்கும், இருந்தாலும் சொல்லுதேன். மரப் பொம்மைக்கு வயசானா அது பழைய பொம்மை. கம்ப்யூட்டர் படத்துக்கு வயசானா அது பழைய கம்ப்யூட்டர். முந்தினதை மியூசியத்துல வைக்கான். பிந்தினதை? ‘பாபிலோன் 5’-னு 1993-ல வந்த சீரியலு, பொம்மையே வேண்டாம்னு அமிகா கம்ப்யூட்டர்ல கப்பலைச் செஞ்சு காட்டினதுல முன்னோடி. அப்ப எல்லாரும் வாயைப் பொளந்து பாத்தாவ. பின்னால பெரிய டிவிக்குத் தக்கனையா மாத்தலாம்னு பாத்தா, அந்தக் கம்ப்யூட்டர் ஃபைலு பெரும்பாலும் பத்திரமா இல்லை. 1966 ஃபிலிம் நெகட்டிவ் இருக்கு, 1993 ஃபைலு இல்லை! 2021-ல அதைத் துலக்கி வெளியிட்டப்ப, ஆளு காட்சியை ஃபிலிம்ல இருந்து ஸ்கேன் பண்ண முடிஞ்சுது, கப்பல் காட்சியை இருக்கிறதை வச்சுப் பெருசாக்கத்தான் முடிஞ்சுது. நீ போன மாசம் செஞ்ச வேலையோட ஃபைலு எங்க இருக்குன்னு இப்பக் கேட்டா சொல்லுவியா? சொல்லமாட்ட. உன் கல்யாண ஆல்பத்தையே பென் டிரைவோட தொலைச்சவன் நீ.

பழைய ஸ்டார் ட்ரெக்குக்கு அடுத்து 1987-ல வந்துச்சே ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’, அதுல ஒரு கூத்து. ஃபிலிம்ல எடுத்தான், ஆனா எடிட்டிங்கையும் எஃபெக்டையும் வீடியோ டேப்புல முடிச்சான். செலவு மிச்சம்லா. அதனால துலக்கறதுக்கு முழு நெகட்டிவ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 2012-ல இருந்து 2014 வரைக்கும், பெட்டி பெட்டியா ஃபிலிம் துண்டைத் தேடி எடுத்து, ஏழு சீசனையும் முதல்ல இருந்து திரும்ப வெட்டி ஒட்டினாவ. கப்பலைப் புதுசாச் செய்யலை. அப்பப் பொம்மையை எடுத்த அதே ஃபிலிமை எடுத்து, இப்ப உள்ள முறையில சுத்தமா ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தினாவ. அதைச் செஞ்சவனுக்கு எந்தப் பேரும் வராது. பாக்கிறவன், ஓ, இது எப்பவுமே இப்படித்தானே இருந்துச்சும்பான். ரீல் அந்துபோச்சுன்னா நான் ஒட்டி ஓட்டுவேன், ஒட்டின எடம் திரையில தெரிஞ்சா முதலாளி வைவாரு, தெரியலேன்னா ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு. ஒண்ணுஞ் சொல்லலைன்னா அன்னைக்குச் சம்பளம் உறுதி.

‘டாக்டர் ஹூ’ சீரியல்காரன் விவரமானவன். 1982-ல ஒரு கதையில பெரிய பாம்பு வரும், பாத்தாச் சிரிப்பு வரும். டிவிடி போட்டப்ப கம்ப்யூட்டர்ப் பாம்பு ஒண்ணு செஞ்சு, வேணுங்கிறவன் புதுசைப் பாரு, வேண்டாங்கிறவன் பழசைப் பாருன்னு விட்டுட்டான். சண்டையே இல்லை.

ஸ்டார் ட்ரெக் ப்ளூ-ரேயும் 2009-ல அப்படித்தான் வந்துச்சு. ரிமோட்டுல ஒரு பட்டனைத் தட்டினா புதுக் கப்பலு, திரும்பத் தட்டினா பழைய கப்பலு. நானும் ஒங்க ஆச்சியும் அதுலதான் பாத்தோம், எனக்குப் பழசு, அவளுக்குப் புதுசு, ரிமோட்டு அவ கையில. ஆனா ஸ்ட்ரீமிங்னு நீங்க பாக்கீகளே, அதுல பெரும்பாலும் புதுசை மட்டும்தான் போடுதான். இன்னைக்குப் பாக்குத பையன் 1966-ல அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டர்லயே கப்பல் விட்டாம்னு நெனச்சுக்கிடுவான். இன்னொரு கூத்தைக் கேளு. 2006-ல அதை டிவியில மறுபடி ஓட்டினப்ப, விளம்பரத்துக்கு எடம் வேணும்னு கதையில சில நிமிசத்தை வெட்டிட்டான். கப்பலுக்கு மெருகு ஏத்தினான், மனுசன் பேச்சைக் கத்தரிச்சான். கணக்கு சரியாப் போச்சு.

அந்த மரப் பொம்மையோட கதையைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. 1974-ல ஸ்மித்சோனியனுக்குக் குடுத்துட்டாவ. 1991 வாக்குல அதைப் புதுப்பிக்கிறேன்னு ஒருத்தரு மேலெல்லாம் கோடு கோடா அழுத்தி இழுத்து, கட்டம் கட்டமா நிழல் போட்டு அழகு பண்ணிட்டாரு. நல்ல கைக்காரருதான், ஆனா அது அவர் கப்பலாப் போச்சு. ரசிகனுக பொலம்பினானுவ. கொஞ்ச வருசம் அது மியூசியத்துல சாமான் விக்கிற கடைக்குள்ளயே கிடந்துச்சு. பெறவு 2016-ல, ஆராய்ச்சி பண்ணி, பழைய போட்டோவைத் தேடித் தேடி, 1967 ஆகஸ்ட்டுல அந்த உருண்டைப் பிராணி எபிசோடு எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கினாவ. தட்டு மாதிரி இருக்குமே மேல்பக்கம், அதுல பழைய பெயிண்ட் அப்படியே இருந்திருக்கு. அதைத் தொடலை. மத்த இடத்துப் பெயிண்டை அதைப் பாத்து அதுக்குத் தக்கனையாக் கலந்திருக்காவ. நிஜமா ஆகாயத்துல பறந்த சாமானெல்லாம் வச்சிருக்க பெரிய ஹால்ல, ஒரு அடி கூடப் பறக்காத இந்தப் பொம்மைக்கும் எடம் குடுத்து வச்சிருக்காவ இப்ப.

ஆகக்கூடி வேலை உனக்குக் கிடைச்சுதுன்னு வையி. மொத நாளு மேனேஜரு வந்து, ‘நல்லா வாவ்னு இருக்கணும்’னு சொல்லுவான். சரி சார்னு தலையை ஆட்டிரு. எதுத்துப் பேசாத, இ.எம்.ஐ. இருக்கு. ஆட்டிட்டு, பழைய படத்தை அதே அளவுல, அதே சதுரத்துல ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வையி, பென் டிரைவுல வைக்காத. கப்பலு எம்புட்டு நொடி திரையில இருந்துச்சோ அதே நொடிக்குள்ள உன் வித்தையை முடி. பழசுல ஃபிலிம்ல பொடி இருந்தா உன் படத்துலயும் கொஞ்சம் தூவு, நடுவுல பளபளன்னு தனியா நிக்கக்கூடாது. அவன் எழுதி வச்சு எடுக்க முடியாததை எடுத்துக் குடு, அவன் நெனச்சே பாக்காததை நீயா நெனச்சுத் திணிக்காத. கப்பலுக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்னு கை பரபரன்னா, அது எந்தப் பக்கம் வயர் தொங்குதுன்னு பாத்து அந்தப் பக்கமா ஒரு தடவை சுத்திக் காட்டு, பாவம், மூணு வருசமா ஒரு பக்கமே தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கடைசியில பேரு ஓடும்லா, அதுல முந்நூறு பேருக்கு நடுவுல உன் பேரும் இருக்கும்பாவ. சில கம்பெனியில அதுவும் இருக்காது. இருந்தா எனக்கு எந்த நிமிசம்னு எழுதி அனுப்பு, நிறுத்தி வச்சு ஒங்க ஆச்சிகிட்டக் காட்டுதேன். சரி, போறதுக்கு முன்னால அந்தப் பல்லி எபிசோடைப் பழசுல போட்டுட்டுப் போ, ரிமோட்டு இப்ப என்கிட்டத்தான் இருக்கு. அது கண்ணைச் சிமிட்டாம முறைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.